எண்ணப்பட்ட பற்கள்

அந்தச் சிறுமியின் தாடைக்குக் கீழே, தையல் பிரித்த தழும்பு இன்னும் சிவந்திருந்தது. மேலப்பாளையத்துப் பள்ளியொன்றில் மூன்றாம் வகுப்பு டீச்சர் அவளை என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் பல் மருத்துவம் முடித்த புதிது. பள்ளிப் பிள்ளைகளின் சொத்தைப் பற்களைக் கணக்கெடுக்கும் குழுவில் இருந்தேன். அந்தப் பள்ளிக்கு இரண்டாம் ஆண்டாக வந்திருந்தேன்.

"போன வருசம் இவ வாய நீங்கதான பாத்திய? என்ன எழுதினிய?"

பழைய படிவத்தை எடுத்தேன். அவளுடைய வரிசை எண்ணுக்கு நேரே என் கையெழுத்து: 'உடனடிச் சிகிச்சை தேவை.' எழுதியதோடு சரி. வீட்டுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூடக் கொடுத்தனுப்பவில்லை. கணக்கெடுப்பது மட்டுமே வேலை என்றார்கள். நானும் ஏனென்று கேட்கவில்லை. சீழ் கழுத்துவரை இறங்கி, மூச்சுத் திணறிய பிறகுதான் பெரியாஸ்பத்திரியில் கீறி எடுத்திருக்கிறார்கள். பீடி சுற்றும் அம்மா, பால் பல்தானே, விழுந்துவிடும் என்று இருந்துவிட்டாராம்.

"அவுகளுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்லா?" டீச்சர் குரலை உயர்த்தவில்லை. "எண்ணுததுக்கு மட்டும் இனி வராதிய. பல்லுக்கு வைத்தியம் பாக்க ஆளு வரட்டும். அப்பம் ஸ்கூல் கேட்டத் தொறக்கேன்."

முதலில் அவர்மேல்தான் கோபம் வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அது என்மேல் திரும்பியது. கணக்கெடுப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடம் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அந்த ஸ்கூல விட்ருங்க. வேற ஸ்கூல எடுத்துக்கிடுங்க. நமக்கு நம்பர் வந்தாப் போதும்."

மறுநாள், 'உடனடி' என்று நான் குறித்திருந்த எண்களையெல்லாம் ஒரு தாளில் எழுதி டீச்சரிடம் கொடுத்தேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்து எண்களுக்குப் பெயர் போட்டார். சனிக்கிழமைதோறும் நாலைந்து பிள்ளைகளைத் தாய்மாரோடு டவுன் பஸ்ஸில் ஏற்றி நான் வேலைபார்த்த அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிவந்தார். நான் பல்லைப் பிடுங்கினேன், அடைத்தேன். தழும்புக்காரச் சிறுமி முதல் வாரமே வந்தாள். வாயைத் திறக்க அரைமணி நேரமாயிற்று.

அனுமதி வாங்காமல் செய்ததற்கு விளக்கம் கேட்டு இருவருக்கும் மெமோ வந்தது. "வாங்கி வச்சுக்கிடுங்க டாக்டரம்மா," என்றார் டீச்சர். "அதுக்கெல்லாம் சீழ் பிடிக்காது."

பிறகு அறிக்கை அச்சாகி வந்தது. அட்டையில் சிரிக்கும் குழந்தை. உள்ளே அந்தப் பள்ளிக்கு நேரே, 'ஒத்துழைக்கவில்லை' என்றிருந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகும் அந்த ஒரு சொல் எனக்கு ஆறவில்லை.

போன மாதம் ஒருவர் என் கிளினிக்குக்கு வந்தார். புதிய கணக்கெடுப்புக்கு ஆலோசனை வேண்டுமாம்; கையில் படிவத்துக்குப் பதிலாக டேப்லெட். "சொத்தை இருக்கிற பிள்ளைகளுக்கு வைத்தியம்?" என்று கேட்டேன். அது வேறு துறை என்றார். எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன், அவர் வெளியே போகும்வரை.