அப்பா இறங்காத பஸ்

என் மகனுக்கு மூன்று வயது. மஸ்கெலியாவில் ஹட்டன் பஸ் ஏறுமுன் அவனுக்குத் தண்ணீர் கொடுக்க எனக்குப் பயம். கொடுக்காமல் இருக்க அதைவிடப் பயம். இரண்டாவது பயம் அப்பாவால் வந்தது.

எனக்கு அப்போது பத்து வயது. ஹட்டனில் பேச்சுப் போட்டி. முதற்சுற்றுக்கு அப்பாதான் கூட்டிப்போனார். தோட்டத்தில் தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டுகிறவர். எவ்வளவு செங்குத்தான மலையிலும் சறுக்காமல் நிற்பார். பஸ்ஸில்தான் அவரால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. நோர்வூட் வருவதற்குள் இரண்டு முறை நிறுத்தச் சொல்லி இறங்கினார். இறங்கியவர் லேசில் திரும்பவுமில்லை. சரிவில், தேயிலைக்கு மேலே அவர் தலை மட்டும் அசையாமல் தெரிந்தது.

"என்ன பெருசு, டேம் கதவு தொறக்குதா இல்லையா? நாங்க ஹட்டன் போய்ட்டுத் திரும்பி வர்றப்போ ஏத்திக்கவா?" என்று கண்டக்டர் கத்தினார்.

பஸ்ஸே சிரித்தது. "அது ஒங்க அப்பாதானே?" என்றாள் என் வகுப்புக்காரி ஒருத்தி. நான் ஜன்னல் கண்ணாடியில் படிந்திருந்த பனியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இறுதிச் சுற்றுக்குத் தேர்வாகியிருந்தேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் முதலில் சொன்னது அதையல்ல. "அடுத்த சனிக்கிழம அப்பா வேணாம். நீங்க வாங்க."

"எனக்கு வேல இருக்கே. மெதுவாப் பேசு, அப்பா இருக்காங்க."

தோட்டத்து லயத்தின் சின்ன அறையில் மெதுவாகப் பேசி என்ன? அடுப்படியிலிருந்து அப்பாவின் குரல் வந்தது. "நானே வர்றேன் புள்ள. எங்கயும் எறங்க மாட்டேன்."

வெள்ளிக்கிழமை மாலை அப்பாவுக்கு அம்மா வைத்த பிளேன்டித் தேநீர் ஆறிக் கிடந்தது. மறுநாள் காலையிலும் அப்படித்தான். பஸ்ஸில் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். அந்தக் குளிரிலும் நெற்றி வேர்த்திருந்தது.

"இன்னைக்கு டேம் பூட்டா, பெருசு?" என்றார் கண்டக்டர். இந்த முறை நானும் சிரித்தேன். நோர்வூட் தாண்டியதும் அப்பா என்னைப் பார்த்துச் சிரித்தார்.

இப்போது நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் கற்பிக்கிறேன். வயதாகும்போது ஆண்களுக்குப் புரொஸ்டேட் சுரப்பி பெருத்துச் சிறுநீர் வழியை நெருக்கும் என்று கரும்பலகையில் வரைந்து காட்ட முடிகிறது. பெருத்த சுரப்பியின் புரதங்களில் சின்னச் சின்ன இரசாயனத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டு அவற்றின் குணத்தை மாற்றுகின்றனவா என்று ஆராய்வதாக ஒருமுறை வாசித்தேன். கண்ணுக்கே தெரியாத அந்தத் துணுக்குகளுக்கும் எங்கள் பஸ்ஸுக்கும் சம்பந்தம் இருந்ததோ என்னவோ. பிறகு அப்பாவுக்கு ஒப்பரேஷன் நடந்தது, சுகமாக இருக்கிறார். அந்தச் சனிக்கிழமையைப் பற்றி மட்டும் நான் அவரிடம் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் அவருக்கு வெட்கமாக இருக்குமா, கேட்காமல் இருப்பதுதான் தப்பா என்று தெரியவில்லை.

அன்று போட்டி முடிந்து எல்லாருக்கும் தோடம்பழச் சாறு கொடுத்தார்கள். மண்டபக் கதவோரம் நின்று கைதட்டிய அப்பா தன் கோப்பையை என்னிடம் நீட்டினார். "எனக்கெதுக்கு, நீ குடி." அவர் உதடுகள் வெடித்திருந்தன; குளிரென்று நினைத்தேன். இரண்டு கோப்பையையும் நானே குடித்தேன்.

வீட்டுக்கு வந்ததும் இம்முறை நல்ல செய்தியை முதலில் சொல்ல அம்மாவிடம் ஓடினேன்.

"அம்மா, அப்பாவுக்குச் சரியாப் போச்சு!"