டேங்க் மூடியில் சந்தனப் பொட்டு

எட்டு வருஷமாக எங்கள் மயிலாப்பூர் அடுக்குமாடியின் கீழே என் மோட்டார் சைக்கிள் உறை போர்த்திக்கொண்டு நின்றது. ஓடாத வண்டிகளை அப்புறப்படுத்த வேண்டும் என்று குடியிருப்போர் சங்கம் சுற்றறிக்கை அனுப்பியதும் எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. அது ஓடாத வண்டி இல்லை, நான் ஓட்டாத வண்டி என்று மனைவியிடம் விளக்கினேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

அவளுக்கும் அந்த வண்டிக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் நான்தான். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போனால் வண்டி பாதியில் நின்றுவிடும். அவள் இறங்கி நிற்க, நான் டேங்க் மூடியைத் திறந்து பெட்ரோல் பார்த்து மூடுவேன், மறுபடி கிளம்பும். தனியாகப் போனால் நிற்கவே நிற்காது. கடைசியாக நின்றது தி. நகரில், நடுரோட்டில். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள், எனக்கு வேர்த்துக் கொட்டுகிறது. "நீ ஏறினாலே நின்னுடுது. உன் வெயிட்டுக்கு லாரிதான் வாங்கணும்" என்றேன். பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் ஆட்டோ பிடித்துப் போனாள். பிறகு அந்த வண்டியில் ஏறவே இல்லை. நானும் மன்னிப்புக் கேட்காமல் வண்டியை ஓரங்கட்டினேன். பெரிய தியாகம் செய்துவிட்ட நினைப்பு வேறு.

அசோக் நகரிலிருந்து மெக்கானிக் பாய் வந்தார். பழைய பெட்ரோலைக் கொட்டினார், கார்புரேட்டரைக் கழுவினார், பிளக்கும் பேட்டரியும் புதிதாகப் போட்டார். நாலாவது உதையில் வண்டி உயிர் பெற்று, வாட்ச்மேனை இருமவைத்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. புகை என்று சொல்லிவைத்தேன். ஓட்டிப் பார்க்கப் போன பாய், வண்டியைத் தள்ளிக்கொண்டு திரும்பினார். டேங்க் மூடியைத் திறந்தார். புஸ்ஸென்று ஒரு சத்தம். மூடியைப் புரட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இன்னா சார் இது? காத்து போற ஓட்டை மேல சந்தனத்த அப்பி வெச்சிகீறீங்க? கொஞ்ச தூரம் ஓடும். அப்பால காத்து இல்லாம பெட்ரோல் எறங்காது, வண்டி நின்னுடும்."

ஆயுத பூஜை தவறாமல் நான் வைத்த பொட்டு. வாங்கிய வருஷத்திலிருந்து அதே இடத்தில்தான். ஓடாமல் நின்ற வருஷங்களிலும் விடவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. பாய் ஊசியால் குத்தி ஓட்டையைத் திறந்தார். தனியாக நான் போனதெல்லாம் தெருமுனைக் கடை வரைக்கும்தான். தூரமாகப் போனது எப்போதும் அவளோடு மட்டும்.

துரு, அடைப்பு என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மாடிக்குப் போய் உள்ளதைச் சொன்னேன். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அன்னிக்கு பஸ் ஸ்டாப்ல எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க? இதையும் அங்கயே வந்து சொல்லுங்க" என்று செருப்பை மாட்டினாள்.

சிக்னல்களைத் தவிர வழியில் வண்டி எங்கும் நிற்கவில்லை. அந்த பஸ் ஸ்டாப் வந்ததும் நானே நிறுத்தினேன்.