வலது கால் ஷூ இடது காலில்

மழலையர் பள்ளி டீச்சருக்குப் பெற்றோர்கள் வைத்த பெயர் 'ஷூ டீச்சர்'. மெச்சி வைத்த பெயர் இல்லை. மற்ற வகுப்புகள் மணியடித்ததும் வெளியே வந்துவிடும். இவளுடைய வாண்டுகள் மட்டும் ஷூ அலமாரி அருகே குந்திக்கொண்டு, தாங்களே மாட்டுகிறேன் பேர்வழி என்று கிடப்பார்கள். வெயிலில் நிற்கிறவர்களுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்?

பிள்ளை தானே செய்யட்டும் என்பது அவள் பயிற்சியில் படித்த பாடம். ஆனால் படிக்குமுன்பே பட்டுத் தெரிந்தவள் அவள். கல்லூரி விடுதிக்குப் போன முதல் காலை, தலை பின்னத் தெரியாமல் கண்ணாடி முன் நின்று அழுதாள். அதுவரை எல்லாமே அம்மாவின் கைதான். அதனால்தான் இப்போது கை பரபரத்தாலும் தொடைக்கடியில் வைத்து அழுத்திக்கொண்டு உட்காருவாள்.

வகுப்பிலேயே மெதுவானவன் வக்கீலம்மாவின் மகன். அவன் நிதானத்தைப் பார்த்து ஆயா வைத்த பெயர் ஆபீசர். "எழுத்து கத்துக்கத்தான் அனுப்புறோம், ஷூ மாட்டவா?" என்று வக்கீலம்மா தலைமையாசிரியையிடம் கொதித்துவிட்டுப் போனாள்.

தலைமையாசிரியை டீச்சரைக் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமை மணியடிக்கும்போது எல்லாரும் ஷூவோட வாசல்ல நிக்கணும். இல்லேன்னா இனிமே ஆயா மாட்டிவிடட்டும், நீங்க ஆபீஸ் வேலை பாருங்க."

பிள்ளைகளை விட்டு ஃபைலோடு குடித்தனமா? டீச்சருக்குத் தூக்கம் போயிற்று. தினமும் மணியடிக்குமுன் சொல்லும் கதையை ஷூ அலமாரியடிக்கே மாற்றினாள். கேட்டுக்கொண்டே மாட்டட்டுமே! மற்றவர்கள் தேறிவிட்டார்கள். ஆபீசர் மட்டும் ஷூவை மடியில் வைத்துக்கொண்டு வாய் பிளந்து கதை கேட்டான்.

வெள்ளிக்கிழமையும் அதே கதி. சிங்கம் குகைக்குள் நுழையும் இடத்தில், டீச்சர் பயந்துபோய்க் கடிகாரத்தைப் பார்க்க, கதை நின்றது. மீதிக் கதை வருமா என்று ஆபீசர் அவள் முகத்தையே பார்த்தான். பிறகு குனிந்து ஷூவுக்குள் காலை விட்டான்.

இத்தனை நாளும் கையைக் கட்டிக்கொண்டவள் வாயைக் கட்டவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. உதவிக்கு வந்த ஆயாவிடம், "தொடாதீங்கக்கா," என்று கிசுகிசுத்துவிட்டு மறுபடி வாயை மூடிக்கொண்டாள்.

மணியடித்தது. எல்லோரும் வாசலில் நின்றார்கள், ஆபீசர் உட்பட. வலது ஷூ இடது காலில், இடது ஷூ வலது காலில்!

வக்கீலம்மா சரிசெய்யக் குனிந்தாள். அவன் காலை இழுத்துக்கொண்டான். "நானே போட்டேன்!"

"மணிக்கு வந்துட்டாங்கல்ல?" என்றாள் தலைமையாசிரியை. "எந்தக் கால்ல எதுன்னு நான் சொல்லவேயில்லையே. டீச்சர், திங்கட்கிழமை வகுப்புக்கு வந்துடுங்க."

வக்கீலம்மா நிமிர்ந்தாள். வாத்து மாதிரி நடந்து போகும் மகனைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க முடியவில்லை அவளால்.

டீச்சருக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வீட்டுக்குக் கிளம்பச் செருப்பை எடுத்தாள். அவசரத்தில் வார் கொக்கியில் மாட்டவே மாட்டேன் என்றது.

"நான் மாட்டிவிடவா டீச்சர், இல்ல தொடக்கூடாதா?" என்று ஆயா சிரித்தாள்.

"இன்னைக்கு மட்டும் மாட்டிவிடுங்கக்கா," என்று டீச்சர் காலை நீட்டினாள்.