வசந்தாவின் கார்டும் என் கையும்

அன்றைக்குப் புத்தலப்பட்டு நிறுத்தத்தில் டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. குடிபாலாவில் விடியுமுன் கம்பெனி பஸ் ஏறி, சித்தூர் தாண்டும்வரை தூங்கி, அந்த ஹாரனுக்குத்தான் நான் கண் விழிப்பேன். வசந்தா டிபன் பையும் வாயில் பாதி இட்லியுமாக ஓடிவந்து ஏறி, "இன்னாடி பரிமளா, தூங்கிக்கினே வேலைக்குப் போற ஒரே ஆளு நீதான்" என்று என்னை இடித்துக்கொண்டு உட்காருவாள். அன்று பஸ் நின்றது, யாரும் ஏறவில்லை, நகர்ந்துவிட்டது. "அண்ணா, வசந்தா வரலியே" என்று கத்தினேன். டிரைவர் திரும்பாமலே, "ஆமெ இக ராதம்மா" என்றார். இனிமேல் வரமாட்டாள். முந்தின சாயந்திரம் துணி அலசிக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்திருக்கிறாள். மூளையில் ரத்தக் குழாய் வெடித்துவிட்டதாம். பஸ்ஸில் எல்லோரும் அழுதோம். ஒருவரும் இறங்கவில்லை. சொல்லாமல் லீவு போட்டால் என்ன ஆகுமோ என்று பயம். நானும் இறங்கவில்லை.

இன்று பதினாறாம் நாள். படத்துக்கு மாலை போடும்போது நாலு வார்த்தை பேசு, உனக்குத்தான் வாய் நீளம் என்று நம் பஸ்காரர்கள் சொன்னீர்கள். பேச வராது என்று எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். துக்கம் பாதி, பயம் பாதி. நான் சொல்லப்போவதைக் கேட்டால் என் வேலை போகலாம். வசந்தாவின் வீட்டுக்காரர் சேகர் அண்ணன் என் முகத்திலேயே விழிக்காமல் போகலாம்.

லைனில் அவள் எனக்கு அடுத்த சீட். சார்ஜர் போர்டில் ஒயரை வைத்து அமுக்கி அடுத்த ஆளிடம் தள்ளுவது எங்கள் வேலை. முன்பெல்லாம் சூப்பர்வைசர் பின்னால் நடந்துகொண்டிருப்பார். அவருக்கு டீ குடிக்கவாவது போகணும். இப்போது ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு சின்னத் திரை. கை கொஞ்சம் நின்றால் சிவப்பாகிவிடும். எனக்கு வயிற்றுவலி வந்த ஒரு நாள், நான் பாத்ரூமிலிருந்து திரும்பும்வரை வசந்தா என் போர்டுகளையும் சேர்த்து அமுக்கிக்கொண்டிருந்தாள். வந்து பார்த்தால் என் திரை பச்சை, அவளுடையது சிவப்பு. "போனா போவுது, அதுவும் கொஞ்ச நேரம் கோவப்படட்டும்" என்று சிரித்தாள். ஆனால் சாயந்திரம் பஸ்ஸில், எத்தனை தடவை சிவப்பு வந்தால் வேலை போகும் என்று வழி முழுக்க என்னைக் கேட்டுக்கொண்டே வந்தாள். மாந்தோப்புக் கூலிக்குப் போன குடும்பத்தில் மாதச் சம்பளம் பார்த்த முதல் ஆள் அவள்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை எங்கள் காண்ட்ராக்ட்டைப் புதுப்பிப்பார்கள். அதற்கு முன்னால் கேன்டீனில் மெடிக்கல் கேம்ப். நம் நல்லதுக்குத்தான் என்பார்கள். ஒரு தடவை நம் பஸ்ஸில் வந்த ஒருத்திக்குச் சர்க்கரை அதிகம் என்று வந்தது. "ரெஸ்ட் தீஸ்கோ, பிலுஸ்தாம்" என்று அனுப்பினார்கள். ஓய்வெடு, கூப்பிடுகிறோம் என்று அர்த்தம். யாரும் கூப்பிடவில்லை. போன கேம்ப்புக்கு முந்தின வாரம் வசந்தா மெடிக்கல் ஷாப்பில் பிரஷர் பார்த்திருக்கிறாள். ரொம்ப அதிகம் என்று மாத்திரை கொடுத்து, உடனே டாக்டரிடம் போகச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, "எனக்குப் பயமா கீது பரிமளா. கேம்ப்புல தெரிஞ்சா என் கதை முடிஞ்சுது" என்று அழுதாள்.

யோசனை என்னுடையது. அவள் கேட்கவே இல்லை.

லைனில் எல்லோருக்கும் தொப்பி, மாஸ்க், நீலக் கோட்டு; கேம்ப்புக்கும் அப்படியேதான் போவோம். கண்ணைத் தவிர ஒன்றும் தெரியாது. நர்ஸ் கம்பெனி அடையாளக் கார்டைத் தேய்த்துவிட்டு, பிரஷர் பார்க்கக் கையைத்தான் கேட்பார். என் கார்டோடு ஒருமுறை போனேன். பிறகு வேறு மேஜைக்கு வசந்தாவின் கார்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு போய் அதே கையை நீட்டினேன். வசந்தா, வயது நாற்பத்திரண்டு, நார்மல் என்று காகிதம் வந்தது. அதைக் கொடுத்ததும் என் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். நான் என்னமோ சாதித்துவிட்ட மாதிரி சிரித்தேன், பாவி.

காண்ட்ராக்ட் கிடைத்தால் திருப்பதி அலிபிரியிலிருந்து நடந்தே மலையேறுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். கிடைத்தது. அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் கூடப் போனேன். படிக்குப் படி மஞ்சள் குங்குமம் வைத்துக்கொண்டே ஏறியவள், பாதியில் பிடரியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். "அத்த நிறுத்தி எத்தினி நாளாச்சு. பேப்பர்லயே நார்மல்னு கீது, நீ இன்னாத்துக்கு பயந்துக்கினு கீறே?" என்றாள். விளையாட்டுக்குச் சொல்கிறாளா, நம்பித்தான் சொல்கிறாளா என்று எனக்குப் புரியவில்லை. "அடிப்பாவி, அது என் கைடி!" என்று கத்தினேன். சட்டென்று என் வாயைப் பொத்தினாள். "மெல்லப் பேசு, கம்பெனி ஆளுங்க யாராவது இருப்பாங்க." நானும் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அடங்கிவிட்டேன்.

செய்தி வந்த அன்று ஷிப்ட் முடிந்து அவள் வீட்டுக்குப் போனபோது எடுத்துவிட்டிருந்தார்கள். சேகர் அண்ணன் சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார். "கம்பெனில செக் பண்ணாங்கமா. நல்லாத்தான் இருந்தா. நார்மல்னு போட்டுக்கீது பாரு. அப்புறம் எப்டிமா?" என்று என்னிடமும் நீட்டினார். வாங்கிப் படித்தேன். திருப்பிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து என் பிடரியிலும் வலி. போன வாரம் குடிபாலாவில் பிரஷர் பார்த்தேன், அதிகம் என்றார்கள். அடுத்த கேம்ப் இந்தத் திங்கட்கிழமை. "கவலப்படாதே, உன் கார்டக் குடு, நான் கை நீட்டறேன்" என்று லைனில் ஒருத்தி சொன்னாள். நல்ல மனசுக்காரி, பெயர் சொல்லமாட்டேன். அதைக் கேட்டதும் எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா? அந்த நிம்மதியை நினைத்தால்தான் இப்போது உடம்பு பதறுகிறது. வசந்தாவுக்கும் இப்படித்தான் இருந்திருக்கும்.

சேகர் அண்ணா, அந்தக் காகிதத்தை இனி யாருக்கும் காட்டாதீர்கள். அதில் இருப்பது என் பிரஷர். திட்டுவதென்றால் இங்கேயே திட்டுங்கள், நின்று கேட்கிறேன்.

திங்கட்கிழமை என் கார்டுக்கு என் கையைத்தான் நீட்டப்போகிறேன். வீட்டுக்கு அனுப்பினால் அனுப்பட்டும். பயமாகத்தான் இருக்கிறது. வசந்தாவுடையது என்று என்னிடம் மிச்சம் இருப்பது, "எனக்குப் பயமா கீது பரிமளா" என்று பஸ்ஸில் அவள் சொன்ன அந்தச் சொல்தான். அதைக் கேட்டதும் அவள் கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும். நான் அவள் கார்டை வாங்கிக்கொண்டேன்.