படம் கீறியவர்

லண்டனுக்கு வந்த முதல் இரண்டு வருடம் நான் சும்மா இருந்தேன். சும்மா என்றால் சமையல், துணி, சூப்பர் மார்க்கெட், மறுபடியும் சமையல். கணவருக்கு ஒரு வங்கியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. திருச்சியில் கல்லூரிப் பெண்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். ஸ்ட்ரெதம் வீட்டில் ரேடியேட்டர் மேல் சாக்ஸ் காயப்போடும்போது என் எம்.ஏ. பட்டம் ஞாபகத்துக்கு வந்தால் முதலில் சிரிப்பு வரும், பிறகு எரிச்சல் வரும்.

அந்த எரிச்சலில்தான் இரண்டு காரியங்களில் ஒரே மாதத்தில் இறங்கினேன். ஒன்று, கவுன்சில் நடத்திய ஒரு புதன்கிழமை வகுப்பு: மதச் சீர்திருத்தக் காலத்திலிருந்து யதார்த்தவாதம் வரையிலான ஐரோப்பிய ஓவியமும் சிற்பமும். பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் ஓய்வுபெற்றவர்கள். கறுப்பு முடி எனக்கு மட்டும்தான். இன்னொன்று, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேலை. ஒரு தேர்வு எழுதினேன், அட்டை கொடுத்தார்கள். தமிழும் ஆங்கிலமும் தெரிந்தவளுக்கு இதிலென்ன கஷ்டம் என்று நினைத்தேன். அந்த நினைப்பை இன்று எழுதும்போதும் காது சூடாகிறது.

வகுப்பு எனக்குப் பைத்தியமாகவே ஆகிவிட்டது. ஆசிரியை ஒல்லியான, மூக்கு சிவந்த பெண்மணி. திரையில் படத்தைப் போட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். பாருங்கள் என்பார், அவ்வளவுதான். குறிப்புகளை நான் தமிழில் எழுதுவேன். பக்கத்து நாற்காலித் தாத்தா எட்டிப் பார்த்து, அழகான எழுத்து என்பார். வீட்டுக்கு வந்து கணவரிடம் வெளிச்சம், நிழல் என்று ஆரம்பித்தால், முதலில் குழம்பில் உப்பு இருக்கிறதா பார் என்று கிண்டல் செய்வார்.

மூன்றாவது வாரம் படச்சிதைப்பைப் பற்றிய பாடம். பதினாறாம் நூற்றாண்டில் சீர்திருத்தக்காரர்கள் தேவாலயங்களுக்குள் புகுந்து, கடவுளுக்கு உருவம் எதற்கு என்று புனிதர்களின் சிலைகளை உடைத்தார்கள், படங்களைச் சிதைத்தார்கள். இங்கிலாந்திலேயே இருக்கும் ஒரு மரப்பலகை ஓவியத்தை ஆசிரியை காட்டினார். வரிசையாக ஆறு புனிதர்கள். உடையின் தங்கம் அப்படியே இருக்கிறது, மடிப்புகூடக் கலையவில்லை. முகம் மட்டும் இல்லை. கத்தி முனையால் கண்ணையும் வாயையும் தேடித் தேடிக் கிழித்திருக்கிறார்கள். என் நோட்டில் எழுதினேன்: ‘படங்களைக் கீறினார்கள்.’ கீழே ஒரு கோடும் போட்டேன்.

மறுநாள் மிச்சம் என்ற பக்கத்துப் பகுதியில் எனக்கு வேலை. மளிகைக்கடைக்கு மேல் ஒரு சின்ன அறையில் இருந்தது அந்த வழக்கறிஞரின் அலுவலகம். அவர் மலேசியத் தமிழ்ப் பெண். படிக்க வந்து இங்கேயே தங்கியவர். சாப்பிட்டாச்சா, போய்ட்டு வாங்க என்பதற்கு மேல் அவருடைய தமிழ் நகராது. அதனால்தான் நான். எதிரே உட்கார்ந்திருந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், முப்பது வயது இருக்கும், யாரோ கொடுத்த பெரிய கோட்டுக்குள் இருந்தார். அகதித் தஞ்சம் கேட்டிருந்தார். அதற்கான வாக்குமூலத்தை அன்று எழுத வேண்டும்.

அவர் மெதுவாக, வரிசையாகச் சொன்னார். சின்ன வகுப்புகளுக்கு வாத்தியாராக இருந்தது, அண்ணன் காணாமல் போனது, சோதனைச் சாவடியில் படையினர் தன்னைப் பிடித்தது. ஏன் பிடித்தார்கள் என்று வழக்கறிஞர் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

“இயக்கத்தில இருந்து செத்த பொடியளின்ர படங்களைக் கீறினனான். அதுக்குத்தான் பிடிச்சவை” என்றார்.

எனக்கு ஒரு நொடிகூடத் தயக்கம் வரவில்லை. கத்தியால் கிழித்தேன் என்று பொருள் வரும் ஆங்கிலச் சொல்லைச் சொன்னேன். வழக்கறிஞர் தட்டச்சு செய்தார். கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறதே என்று மனதில் ஓடியது உண்மை. ஆனால் முதல் நாள் பார்த்த முகமில்லாத ஆறு புனிதர்கள் என் தலைக்குள் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணனைப் பறிகொடுத்தவன், கோபத்தில் படங்களைக் கிழித்திருப்பான், உலகம் முழுக்க மனிதர்கள் இதைத்தான் செய்கிறார்கள் என்று நானே ஒரு விளக்கமும் சொல்லிக்கொண்டேன். மொழிபெயர்ப்பாளர் கேள்வி கேட்கக் கூடாது, சொன்னதைச் சொல்ல வேண்டும் என்பது விதி. எதால் கீறினீர்கள் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் பென்சில் என்றிருப்பார்.

முடிந்ததும் வாக்குமூலத்தை அவருக்குத் திருப்பி வாசித்துக் காட்ட வேண்டும். ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். அந்த இடம் வந்தபோது அவர் சொன்ன சொல்லையே சொன்னேன்: படங்களைக் கீறினேன். அவர் தலையாட்டினார். “ஓம், சரி” என்றார். கையெழுத்துப் போட்டார். சரியாக வாசித்துக் காட்டினேன் என்று கீழே நானும் போட்டேன்.

நான்கு மாதம் கழித்து வழக்கறிஞர் கூப்பிட்டார். இடையில் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் அந்த யாழ்ப்பாணத்துக்காரருக்கு நேர்காணல் நடந்திருந்தது, அங்கே வேறு மொழிபெயர்ப்பாளர். இப்போது மறுப்புக் கடிதம் வந்திருக்கிறது, வந்து படித்துக் காட்டுங்கள் என்றார். அதே அறை, அதே பெரிய கோட்டு. கடிதத்தில் இருந்ததை வாசித்தேன். வாக்குமூலத்தில் படங்களைக் கத்தியால் சிதைத்தேன் என்கிறீர்கள், நேர்காணலில் வரைந்தேன் என்கிறீர்கள். மேலும், படையினரின் எதிரிகளுடைய படங்களை நீங்கள் சிதைத்திருந்தால் அதற்காகப் படையினரே உங்களைப் பிடித்தார்கள் என்பது நம்பும்படியாக இல்லை. ஆகவே நீங்கள் சொல்வது எதையும் நம்புவதற்கில்லை.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். “நான் ஒண்டையும் வெட்டேல்லை அக்கா. கீறினனான்” என்றார்.

கீறுவதும் அதுதானே என்று நான் கேட்டேன். அப்படித்தான் கேட்டேன். அவர் மேசையிலிருந்த பென்சிலை எடுத்து, கடிதம் வந்த உறையின் பின்பக்கத்தில் ஒரு கோடு போட்டார். அது ஒரு புருவம் ஆயிற்று. பிறகு மூக்கு, உதட்டின் ஓரம். இரண்டு நிமிடத்தில் வழக்கறிஞரின் முகம் அந்த உறையில் இருந்தது, கண்ணாடிக்குப் பின்னாலிருந்த களைப்பு உட்பட.

“இதுதான் அக்கா கீறுறது.”

அவர் ஊரில் வரைவதற்குச் சொல்லே அதுதானாம். சின்னப் பிள்ளைகூடப் படம் கீறுகிறேன் என்றுதான் சொல்லுமாம். அவர் சித்திர வாத்தியார். செத்துப்போன பையன்களுடைய அம்மாக்கள் பலரிடம் ஒரு போட்டோகூட இல்லை. வீட்டோடு எரிந்திருக்கும், அல்லது பயத்தில் தாங்களே எரித்திருப்பார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல இவர் வரைந்து கொடுப்பார். நெற்றி என்னுடையது மாதிரி, மூக்கு தகப்பனுடையது, பல் கொஞ்சம் முன்னால் என்பார்களாம். தாய் அழ ஆரம்பித்தால் முகம் வந்துவிட்டது என்று பென்சிலைக் கீழே வைப்பாராம். அதற்காகத்தான் பிடித்திருக்கிறார்கள்.

வழக்கறிஞர் என்னைத் திட்டவில்லை. மேல்முறையீட்டில் நீங்களே வந்து சாட்சி சொல்ல வேண்டும் என்று மட்டும் சொன்னார். வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்துப் பார்த்தேன். ‘கீறினார்கள்’, கீழே கோடு. அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை.

விசாரணைக்கு மூன்று மாதம் இருந்தது. வேலை செய்ய அவருக்கு அனுமதி கிடையாது. தெரிந்த குடும்பம் ஒன்றின் வரவேற்பறையில் படுத்துக்கொண்டு, பகலில் அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று டிராமில் போய்ப் போய் வந்துகொண்டிருந்தார். என் குற்ற உணர்ச்சிக்கு ஏதாவது செய்தாக வேண்டும். என்னிடம் இருந்ததோ வகுப்பு மட்டும்தான். ஒரு செவ்வாய்க்கிழமை அவரை டிரஃபால்கர் சதுக்கத்து ஓவியக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அனுமதி இலவசம். ஒரு மனிதனின் தலையெழுத்தைக் கெடுத்துவிட்டு அவனுக்குப் படம் காட்டக் கூட்டிப்போகிறவளை என்னவென்று சொல்வது.

உள்ளே போனதும் வாய் சும்மா இருக்கவில்லை. ஹாலந்து தேவாலயம் ஒன்றின் உட்புறம். வெள்ளைச் சுவரும் வெளிச்சமும் மட்டும். இங்கேயிருந்த படங்களையெல்லாம் எடுத்துவிட்டுச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள், பிறகு அந்த வெறுமையையே படமாக வரைந்தார்கள் என்று விளக்கினேன். அவர் தலையாட்டினார். வியாபாரிகள், அவர்களுடைய மனைவிகள், வெள்ளைக் கழுத்துப்பட்டிகள். ஒரு கிழவியின் முகத்துக்கு முன்னால் நின்றவர் நகரவே இல்லை. மூக்கு படும் அளவுக்குக் கிட்டப் போனார். காவலர் வந்து தள்ளி நிற்கச் சொன்னார். கண்ணின் ஈரத்தை ஒரே ஒரு வெள்ளைப் புள்ளியில் வைத்திருப்பதை எனக்குக் காட்டினார். இத்தனை மாதப் பாடத்தில் நான் பார்க்காத புள்ளி அது.

“இவை ஆளை முன்னால இருத்தி வைச்சுக் கீறினவை” என்றார். “ஆள் இல்லாமக் கீறுறதுதான் அக்கா கஷ்டம்.”

பத்தொன்பதாம் நூற்றாண்டு அறையில் தானியம் புடைக்கும் ஒரு கூலியாளின் படம் இருந்தது. முதல்முறையாக ஏழைகளையும் வரையத் தகுந்தவர்களாக நினைத்தார்கள், இதுதான் யதார்த்தவாதம் என்று ஆசிரியை சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அவர் படத்தைவிடப் பக்கத்திலிருந்த சின்ன அட்டையைத்தான் அதிக நேரம் பார்த்தார். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். தானியம் புடைப்பவன் என்று சொன்னேன். வியாபாரிகளுக்கெல்லாம் பேர் இருந்ததே, இந்த ஆளுக்கு ஏன் பேர் போடவில்லை என்று கேட்டார். தான் வரைந்த ஒவ்வொன்றிலும் கீழே அந்தப் பையனின் பேரை எழுதியதாகச் சொன்னார். அந்தப் பேர்களை வைத்துத்தான் இயக்கப் பையன்களின் படங்கள் என்று படையினர் கண்டுபிடித்தார்களாம். அவை எல்லாவற்றையும் அவர் கண் முன்னாலேயே எரித்துவிட்டார்கள். அதன்பிறகு நாங்கள் மற்ற அறைகள் பக்கம் போகவில்லை. வெளியே படியில் உட்கார்ந்து நான் கொண்டுபோன எலுமிச்சைச் சாதத்தைச் சாப்பிட்டோம், அவ்வளவுதான்.

விசாரணை நாளில் நான் சாட்சிக் கூண்டில் நின்றேன். அரசுத் தரப்பு இளைஞர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார். உங்கள் தாய்மொழி என்ன? தமிழ். அவருடைய தாய்மொழி? தமிழ். நீங்கள் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர்தானே? ஆம். வாக்குமூலத்தைத் திருப்பி வாசித்தீர்களா? வாசித்தேன். அவர் சரி என்றாரா? என்றார். மறுப்பு வந்த பிறகுதான் உங்கள் தாய்மொழியில் உங்களுக்கு ஒரு சொல் தெரியாது என்று தெரியவந்ததா? அதற்கும் ஆம் என்றுதான் சொல்ல வேண்டியிருந்தது. தமிழ் இரண்டு கரையிலும் ஒரே மாதிரி இல்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். நீதிபதி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்.

வேண்டுமானால் இங்கேயே வரைந்து காட்டுவார் என்று வழக்கறிஞர் சொன்னார். இன்று வரையத் தெரிகிறது என்பது அன்று எதை வரைந்தார் என்பதற்கு ஆதாரமாகாது என்றார் நீதிபதி. அது நியாயமான பேச்சு என்பதுதான் என்னால் இன்றுவரை தாங்க முடியாத விஷயம். தீர்ப்பு மூன்று வாரத்தில் தபாலில் வந்தது. மொழிபெயர்ப்பாளரின் புதிய விளக்கம் வழக்குக்குத் தோதாகப் பின்னால் வந்தது, அதில் நம்பிக்கை வைப்பதற்கில்லை, மேல்முறையீடு தள்ளுபடி.

அன்றோடு மொழிபெயர்ப்பாளர் அட்டையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். வகுப்பையும் விட்டேன். ஆசிரியை போன் செய்து உடம்பு சரியில்லையா என்று கேட்டார், ஆமாம் என்றேன்.

மாதாமாதம் குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடப் போகிறவர், ஒரு மாதம் போன இடத்திலேயே பிடித்துவைக்கப்பட்டார். இரண்டு நாள் கழித்து, மதியம், விமான நிலையத்துக்குப் பக்கத்துத் தடுப்பு முகாமிலிருந்து என்னைக் கூப்பிட்டார். மறுநாள் காலை கொழும்புக்கு விமானம். நான் அழ ஆரம்பித்தேன், மன்னிப்புக் கேட்டேன். என்னைப் பேசவிட்டுப் பொறுமையாக இருந்தார். பிறகு கேட்டார்.

“முதல் எழுதின வாக்குமூலத்தை அனுப்பேலுமே அக்கா? அந்தப் பிழையானதை.”

இன்னொரு மேல்முறையீட்டுக்கு என்று நினைத்தேன், கேவலமான ஒரு நம்பிக்கைகூட எனக்கு வந்தது. அதற்கில்லையாம். நேர்காணலையும் தீர்ப்பையும், அவர் படம் வரைந்தவர் என்று சொல்லும் எல்லாத் தாள்களையும், முகாமிலேயே கிழித்துப் போட்டாராம். கொழும்பில் இறங்கியதும் பையைத் திறந்து பார்ப்பார்கள்.

“அதில நான் அந்தப் பொடியளின்ர படத்தைக் கத்தியால வெட்டினனான் எண்டெல்லோ கிடக்குது. அங்க பிடிச்சா அதைக் காட்டலாம்.”

முகாமின் பேக்ஸ் எண்ணைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் குரலை நான் கேட்கவில்லை.

ஸ்ட்ரெதம் ஹை ரோட்டில் ஒரு கடையில் பேக்ஸ் இருந்தது. சாட்சி சொல்வதற்காக வழக்கறிஞர் எனக்குக் கொடுத்திருந்த வாக்குமூல நகல், ஏழு தாள். கடைசித் தாளின் அடியில், அவருடைய மொழியில் வாசித்துக் காட்டினேன், சரி என்று ஒப்புக்கொண்டார் என்ற வரி, அதன் கீழே என் கையெழுத்து. இது பொய், இது பொய் என்று இத்தனை மாதம் எல்லோரிடமும் மன்றாடியவள், யாராவது இதை நம்பிவிடட்டும் என்று கும்பிட்டுக்கொண்டே ஒவ்வொரு தாளாக உள்ளே விட்டேன்.