சுபைதாக்காவின் முகம் தெளிந்தபோது

போன வாரம் சுபைதாக்காவைப் பார்க்கப் போயிருந்தேன். எங்கள் தெரு முனையில் ஆப்பக்கடை வைத்திருப்பவர். கடை பூட்டியிருந்தது. கீமோ ஏற்றிவிட்டு வந்த களைப்பில் வீட்டுச் சுவரில் சாய்ந்திருந்தார். நாலு வார்த்தை பேசுவதற்குள் மூச்சு வாங்கியது.

அக்காவுக்கு நுரையீரல் புற்றுநோய். சிகரெட் வாடையே ஆகாதவர். "பீடி குடிக்கிறவனுக்கு வர்ற நோயி எனக்கு எப்படிம்மா வந்துச்சு?" என்று முதலில் அழுதார். புகைக்காதவர்களுக்கும் வரும் என்பது எனக்கே அப்போதுதான் தெரியும்.

மதுரை டாக்டர் கட்டியிலிருந்து சதை எடுத்து, மரபணு டெஸ்ட் வரை செய்து பார்த்தார். "உங்க வகைக்கு மாத்திரையே கேக்கும்மா. இப்போதைக்கு கீமோ வேண்டாம்" என்றார். கேட்டது! இருமல் அடங்கி, அக்கா மறுபடி ஆப்பச்சட்டியை அடுப்பில் ஏற்றிவிட்டார்.

ஆனால்... முகமெல்லாம் சீழ்க் கொப்புளம். மாத்திரையின் பக்கவிளைவு.

ஒருநாள் காலை, தட்டை வாங்கக் கை நீட்டிய ஒருவர் அக்காவின் முகத்தைப் பார்த்தார். கையை இழுத்துக்கொண்டார். "பசியில்லக்கா... நாளைக்கி வாரேன்." நானும் அங்கேதான் நின்றிருந்தேன். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பிவிட்டார்.

அதன்பின் மாத்திரையை நிறுத்தியிருக்கிறார் — யாரிடமும் சொல்லாமல்.

முகம் தெளிந்தது. மகள் பர்வீனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "அம்மா மூஞ்சி பளிச்சுனு ஆயிருச்சு. நோயி கொறைஞ்சிருச்சு போல!" என்று பார்த்தவரிடமெல்லாம் சொன்னாள். நாங்களும் நம்பினோம். முகத்தைப் பார்த்துத்தானே உடம்பை எடைபோடுகிறோம்?

பிறகு அக்காவால் மாடிப்படி ஏற முடியவில்லை. நுரையீரலைச் சுற்றி நீர். மதுரைக்கு ஓடினோம். டாக்டர் துருவிக் கேட்டபோதுதான் அக்கா உண்மையைச் சொன்னார்.

டாக்டர் திட்டவில்லை. "கொப்புளத்துக்கு கிரீம் இருக்கு. டோஸைக் குறைச்சிருக்கலாம். போன தடவை போன்ல கேட்டப்ப ஏம்மா சொல்லல?"

"நீங்க எம்புட்டு பேரைப் பாக்குறீங்க... மூஞ்சியில பரு வந்ததையெல்லாம் சொல்லிக்கிட்டா இருக்கறது? அதான் நல்லா இருக்கேன்னுட்டேன்."

பர்வீன் மெதுவாகக் கேட்டாள். "நிறுத்துனதாலதான் இப்படியா டாக்டர்?"

"உறுதியாச் சொல்ல முடியாது. சாப்பிட்டுக்கிட்டே இருந்தாலும் ஒருநாள் மாத்திரை கேக்காமப் போகும். ஆனா, இன்னும் கொஞ்ச காலம் நல்லா ஓடியிருக்கலாம்."

அந்த 'லாம்' இருக்கிறதே... பர்வீன் வராந்தாவுக்குப் போய்விட்டாள்.

மறுபடி கொடுத்த மாத்திரை இந்த முறை சரியாகக் கேட்கவில்லை. இப்போது கீமோ. வாந்தி, வாய்ப்புண், கை கால் மரத்துப்போவது — எது வந்தாலும் பர்வீன் உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்கிறாள். அநேகமாக எல்லாவற்றுக்கும் ஏதோ ஒரு மருந்து இருக்கிறது. அக்கா இரண்டு வாய் சாப்பிடுகிறார், தூங்குகிறார். கடைதான் இனி திறக்காது.

மூட்டுவலியைப் பால்காரரிடம் சொல்கிறோம். சுகர் அளவை பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்கிறோம். டாக்டர் எதிரே உட்கார்ந்ததும் மட்டும் அப்படியொரு அடக்கம்!

டாக்டரிடம் நல்ல பேர் எடுத்து என்ன செய்யப் போகிறோம்?