சங்கு ஊதியதும் வரும் பூனை

அந்தப் பூனை என்னைத் தேடித்தான் வந்ததா, இல்லை அது வழக்கமாகப் போகும் வழியில் என் வீடும் இருந்ததா? இரண்டு வருஷமாக யோசிக்கிறேன். இன்னும் தெரியவில்லை.

பிறந்த வீட்டில் பிரசவம் முடிந்து, ஆவடி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியபோது குழந்தைக்கு ஐந்தாவது மாதம். என் கணவருக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. காலைச் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். பிறகு அந்த வீட்டு வரிசையே அடங்கிவிடும். குழந்தை அழுதால் ஏன் அழுகிறான் என்று பயம். அழாமல் தூங்கினால் அதைவிடப் பயம். தூளியை விலக்கி மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். மூச்சு படும். அடுப்பங்கரைக்குப் போவதற்குள், பட்டது மூச்சுதானா, ஜன்னல் காற்றா என்று சந்தேகம் வந்துவிடும். திரும்பி ஓடுவேன். உலையில் அரிசி குழைந்து போகும்.

டாக்டர், பலவீனம் என்று சொல்லி டானிக் எழுதிக் கொடுத்தார். தவறாமல் குடித்தேன். பயம் போகவில்லை. கணவரிடம் சொல்லவில்லை. எஸ்.எஸ்.எல்.சி. படித்தவளுக்குப் பிள்ளை வளர்க்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்துவிட்டால்?

ஒருநாள் சங்கு ஊதி ஓய்ந்ததும், சாம்பல் நிறப் பூனை ஒன்று அடுப்பங்கரை ஜன்னல் வழியாக இறங்கி வந்தது. ஒரு காது நுனியில் கிழிந்திருந்தது. விரட்டினேன். நான் மடிக்காமல் போட்டிருந்த பழைய புடவைமேல் போய்ப் படுத்துக்கொண்டது. புடவையை இழுக்கக் குனிந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். முதுகில் கை வைத்தபோது உள்ளே தையல் மெஷின் மெதுவாக ஓடுவதுபோல இருந்தது.

நாளாக ஆக ஒன்றைக் கவனித்தேன். தூளிக்குள் குழந்தை லேசாக அசைந்தாலும், கண்ணைத் திறக்காமலே பூனையின் கிழிந்த காது அந்தப் பக்கம் திரும்பும். பிறகு நான் தூளிக்கு ஓடுவது குறைந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே அந்தக் காதைப் பார்த்துக்கொள்வேன். பல மாதங்களுக்குப் பிறகு காப்பியைச் சூடாகக் குடித்தேன்.

அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். தெருக் குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"இன்னாமே, பச்ச புள்ள கீற ஊட்ல பூனயச் சேத்துகினு கீற? முடி உள்ள பூந்துச்சின்னா இழுப்பு வந்துரும்!"

அந்த அக்கா ஒருமுறைகூட எங்கள் வாசற்படி ஏறியதில்லை. இடுப்பில் குழந்தையோடு நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். குழந்தைகளையே பிடிக்காது போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன். ஆனாலும் இழுப்பு என்ற சொல் உள்ளே தங்கிவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். வீட்டை மூலை மூலையாகப் பெருக்கினேன். பூனை வெளியே நின்று கத்தியது. மறுபடி மூக்கருகே விரல், மறுபடி குழைந்த சோறு. தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்துவிட்டேன். செய்தது சரியா என்று அன்று முழுக்க யோசித்தேன்.

குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், அவனுக்கு ஜுரம் வந்து, முந்தின இரவுதான் விட்டிருந்தது. அன்று காலை சங்கு ஊதியும் பூனையைக் காணோம். சுவருக்கு அந்தப் பக்கம் அக்காவின் குரல் கேட்டது. குழாயடிக் குரல் இல்லை, தாழ்ந்த குரல்.

"வா நைனா. இன்னாத்துக்கு லேட்டு? பக்கத்தூட்டுப் புள்ளக்கி ஜொரம் உட்டுச்சா? பாலு குடிக்குதா? அய்வுற சத்தத்தயே காணோமே."

குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுப் பின்கட்டுக்குப் போனேன். பூனை மீன் தலையைத் தின்றுகொண்டிருந்தது. அக்கா திடுக்கிட்டு எழுந்தார்.

"பூனை வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க, அக்கா?"

"உன் ஊட்டுக்கு வாணாம்னேன். என் ஊட்ல இன்னா புள்ளயா குட்டியா, இழுப்பு வர்றதுக்கு?" என்று சிரித்தார். "கேடிப்பய. ரெண்டு ஊட்லயும் துன்னுட்டு ஒண்ணுந் தெரியாத மாரி படுத்துக்குவான்."

"ஜுரம் விட்டுடுச்சு. தூக்கிப் பாருங்க."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "வாணாம்மே. கல்யாணமாயி இத்தினி வருசமா புள்ள இல்லாதவ நானு. நாளிக்கி அதுக்கு ஒரு சளி புட்சாலும் என் கண்ணுதான்னு பேசுவாங்க."

அப்படிப் பேசுகிறவர்கள் உண்டு என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் அவர் பக்கம் ஓரடி வைத்தேன். அதற்குள் குழந்தை பூனையின் வாலைப் பிடிக்க எட்டி, என் இடுப்பிலிருந்து சரிந்தான். அக்காவின் கைகள்தான் பிடித்தன. பிடித்தவர் உடனே கொடுக்கவில்லை.

பூனை எனக்காக மட்டும் வரவில்லை என்பதில் அன்று மாலை கொஞ்சம் வருத்தப்பட்டேன். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர், ஒருவரோடொருவர் பேசாமல், அந்த ஒரு பூனையோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறோம். அதற்குப் பிறகும் அக்கா அடிக்கடி வந்துவிடவில்லை. கூப்பிட்டால் வருவார், வாசற்படியில் உட்காருவார்.

இப்போது நாங்கள் குமணன்சாவடிக்குக் குடிபோகிறோம். அங்கே என் மாமனார் தனியாக இருக்கிறார். போவதுதான் முறை. அந்தத் தெருவில் எனக்கு ஒருவரையும் தெரியாது. நினைத்தாலே விரல் குழந்தையின் மூக்கருகே போகிறது. "நாய் ஆளைச் சுற்றும், பூனை வீட்டைச் சுற்றும். வேண்டுமானால் கோணியில் போட்டு எடுத்துப் போகலாம், நிற்காது" என்கிறார் என் கணவர்.

அக்காவிடம் கேட்டேன். "இட்டுகினு போமே. புள்ளக்கி பயகிட்டான்ல" என்று உடனே சொல்லிவிட்டார். மறுநாள் சங்கு ஊதிய பிறகு சுவர் வழியாகக் கேட்டது: "நீயும் பூட்டா நான் யாராண்டடா பேசுவேன்?"

கோணியை அலசிக் கொடியில் போட்டிருக்கிறேன். காய்ந்துவிட்டது, இன்னும் எடுக்கவில்லை. பூனையோடு வீடு மாறியவர்கள், அல்லது பூனையை விட்டுவிட்டு வந்தவர்கள், உங்களில் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். புது வீட்டில் பூனை தங்குமா? தங்கும் என்றால், நான் அதை எடுத்துப் போகலாமா?